ஓரகத்தி கழுத்தில் ஒரு கேமரா

என் ஓரகத்தி கழுத்தில் தாலிக்கொடியோடு ஒரு கேமராவும் தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். கொழுந்தனின் பெண்டாட்டி அவள். எங்கள் மலையூரான சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் சாக்கு விரித்து அன்னாசியும் மலைவாழையும் மிளகும் விற்கிறோம். சேலத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் புதுப் போன் வாங்கியதும், தன் பழைய டிஜிட்டல் கேமராவை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் சொல்லிக்கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் வாழைச்சீப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பட்டன பாதி அழுத்தும்மா. மூஞ்சி மேல பச்சைக் கட்டம் வரும். அதுதான் ஃபோகஸ். அப்புறமா முழுசா அழுத்து."

"செரி சாமி, செரி சாமி" என்று தலையாட்டியது அவள். காதில் வாங்கியது நான்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படத்தில் வர எனக்கு ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். எடுக்கத்தான் ஆசை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் எல்லோரையும் பார்க்கலாம். எனக்கென்றே செய்த சாமான். போயும் போயும் அவளிடம் போய்ச் சேர்ந்தது.

அவளோ உச்சி வெயிலில் ஃபிளாஷ் போடுவாள். ஜூமை இழுத்து ஆளின் மூக்கை மட்டும் எடுப்பாள். பாதி அழுத்துவது என்பதே கிடையாது. மூட்டைப்பூச்சி நசுக்குகிற மாதிரி ஒரே அழுத்து. எல்லாப் படமும் கலங்கின குட்டை. ஆனாலும் சுற்றுலா வந்த கூட்டம் அவள் சாக்கைச் சுற்றித்தான் நின்றது. அப்படியே அன்னாசியும் அவளிடமே வாங்கிக்கொண்டு போனது.

போன வாரம் ஒருநாள் பனி மூடிக் கிடந்தது. மகனுக்குக் காட்ட அவளுக்குத் தன் படம் வேண்டும். பக்கத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

"ஏனக்கா, என்னைய ஒண்ணு எடுங்களேன்."

"எனக்கெதுக்குப் புள்ள அதெல்லாம்" என்றேன்.

"அப்ப வுடுங்க."

"குடு, குடு" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன்.

அவள் சிலை மாதிரி விறைத்து நின்றாள். பாதி அழுத்தினேன். பச்சைக் கட்டம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. விரலை அப்படியே வைத்திருந்தேன்.

"என்னக்கா, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தாள் பாருங்கள், அப்போது முழுசாக அழுத்தினேன்.

படத்தில் அவள் கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால் பனி மட்டும் மங்கலாக நின்றது. அவள் வெகுநேரம் பார்த்தாள். கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் வந்ததும், இறங்கிய கண்டக்டரிடம் முதல் வேலையாக அந்தப் படத்தைக் காட்டினாள்.

"அட, சூப்பரா இருக்குதுங்க அம்மாயி! நல்ல கேமராங்க."

"பின்னே? எம்மவன் வாங்குனதுல்ல!"

அக்கா எடுத்தது என்று ஒரு சொல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான்தான் எடுத்தேன்."

அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே தெரியாது. டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா? எங்க, என்னையும் ஒண்ணு எடுங்க பாப்போம்" என்று கண்டக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

ஓரகத்தி முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினேன். கயிற்றைத் தலைவழியாகக் கழற்ற அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.