சம்பளமில்லாத பொருளாளர்

சங்கத்துப் பொருளாளர் தெருமுனையில் தென்பட்டதுமே, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் திடீரென்று பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் நம் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கும். குடியிருப்போர் சங்கமோ மாதர் சங்கமோ, ஏதோ ஒன்றுக்குப் பொருளாளராக இருந்து நீங்களும் இதையெல்லாம் அனுபவித்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம்மை விட்டால் நமக்கு யார் இருக்கிறார்கள்?

எங்களுடையது கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்த குடும்பங்களின் சங்கம். சுரங்கத்தில் வேலை குறையக் குறைய, ஒவ்வொரு குடும்பமாகப் பிரேசர் டவுனிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினோம். நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டுமே என்று ஆரம்பித்த சங்கம். தொண்ணூறுகளின் கடைசியில் அதற்குப் பொருளாளராக மாட்டிக்கொண்ட லில்லி நான்தான்.

கை தூக்கிய பாவம்

அன்றைக்குப் பொதுக்குழுக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் எனக்குக் கிடைத்த இடம் மின்விசிறிக்கு நேர் கீழே. எனக்கோ நல்ல சளி. ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அதே சமயம் மேடையில் எங்கள் தலைவர் தேவராஜ் அண்ணன், "பொருளாளரா இருக்க யாருக்கு இஷ்டம்?" என்று கேட்டிருக்கிறார். மூக்கடைப்பில் எனக்குக் காதும் அடைத்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஃபேனைக் குறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

விஷயம் புரிந்ததும் மேடைக்கு ஓடினேன். "அண்ணே, நான் ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிறவ. கணக்கு எனக்கு ஸ்கூல்லயே வராது. வேற யாரையாவது போடுங்க" என்று கெஞ்சினேன். அவர் மைக்கைக்கூட அணைக்காமல் சொன்னார்: "ஜனங்ககிட்டருந்து ரத்தத்தையே எடுக்கிறவளுக்கு, சந்தா எடுக்கிறது இன்னாம்மா கஷ்டம்?"

பாதிக் கூலி

பீட்டர் அண்ணன் சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றை அறையில் தனியாக இருந்து, ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்தைச் சங்கமே செய்தது. அவருக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள், பையன்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு ஆடிட்டர் ஞாபகம் வந்தது. மல்லேஸ்வரத்தில் இருக்கும் ராகவன் சார் எங்களுக்கு இலவசமாகத் தணிக்கை பார்ப்பவர். நல்ல மனிதர். ஆனால் தீப்பெட்டி வாங்கினாலும் ரசீது கேட்பார். குழி வெட்டியவரிடம் கூச்சத்தோடு போய்க் கூலி ரசீதில் கையெழுத்துக் கேட்டேன். "இவர் உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார். சொந்தம் யாரும் இல்லை, வந்தவர்கள் எல்லாம் சங்கத்துக்காரர்கள்தான் என்றேன். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "பாதிக் கூலின்னு எழுதுங்க. மீதி என் பங்கு."

மாடிப்படிக்குக் கீழே

சங்கம் முதன்முதலாக வாங்கிய சொத்து, இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டி. துபாயிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய காலமாகிவிட்டது. பெட்டி வாங்கும்போது எல்லோரும் கை தூக்கினார்கள். எங்கே வைப்பது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. என் கணவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எதிர்வீட்டு கௌரம்மா நிறையவே பேசினார். கன்னடக்காரர், ஆனால் எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் சண்டை மட்டும் சுத்தமான தமிழில் போடுவார், மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' சேர்த்து. "காலைல கதவத் தொறந்தா உங்க சாவுப் பெட்டி முகத்துலதான் முழிக்கணுமா ரீ?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவருடைய அம்மா இறந்துபோனார். தம்பி அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். கௌரம்மா என் வீட்டு வாசல்வரை வந்து, எதுவும் கேட்க முடியாமல் நின்றார். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் பெட்டி என்று சங்கத்து விதி. தலைவருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கமிட்டியில் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, என் கணவரைக் கூப்பிட்டேன். அவரே ஆள் பிடித்துப் பெட்டியைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து, ஒயரையும் மாட்டிக் கொடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்து பெட்டியை எடுத்துவரப் போனோம். கௌரம்மா அதைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் தூக்கப் போனபோது குறுக்கே வந்து நின்றார்.

"இங்கயே நம்ம கார் ஷெட்ல இருக்கட்டும் லில்லி. எங்கம்மா கடைசியா படுத்த எடம்ரீ அது."

குடும்பச் சந்தா

தனி ஆளுக்கு ஒரு சந்தா, குடும்பத்துக்கு ஒரு சந்தா என்று எங்களிடம் இரண்டு வகை. ஒருநாள் ஞானமுத்து அண்ணன் வந்தார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், மனைவி தவறிப் பல வருஷம் ஆகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "லில்லி, ஒரு சந்தேகம். தனியா கட்டுற ரெண்டு பேரு, ஒருவேள சேர்ந்துட்டாங்கன்னா, அது குடும்பச் சந்தாவா?" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடா அண்ணே?"

"ஒரே வீடாத்தான் ஆவும்."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. அந்த இன்னொருவர் யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. சங்கத்துச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கும் சரோஜாக்காவுக்குப் பக்கத்தில், கண்ணீர் விட்டுக்கொண்டே அவரும் உரிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சரோஜாக்காவும் கணவனை இழந்தவர்தான். இவர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். அதனால் ரெஜிஸ்டர் ஆபீஸ் போதும் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

அண்ணனின் மகள் ஷீலாவுக்கு விஷயம் தெரிந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிற பெண். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல்கூட நேராக என் வீட்டுக்கு வந்தாள். "என்ன ஆன்ட்டி சங்கம் நடத்துறீங்க? இந்த வயசுல எங்கப்பாவுக்கு இது தேவையா? ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது?" சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அம்மா படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவள் அவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சனிக்கிழமை அப்பா சுகர் டெஸ்ட்டுக்கு வருவாரு. நீயும் வா. சண்ட போடாத, சும்மா நில்லு" என்று மட்டும் சொன்னேன்.

வந்தாள். லேப் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அப்பா பாதாளம்வரை இறங்கி வேலை செய்தவர். ஆனால் ஊசி என்றால் பயம். மாதாமாதம் தனியாக வந்தபோதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவை சரோஜாக்கா கூட வந்திருந்தார். நான் ஊசியை எடுத்ததும், சேலைத் தலைப்பால் அண்ணன் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டார். "ஆச்சா?" என்றார் அண்ணன். "இன்னும் எடுக்கவே இல்ல" என்றார் அக்கா. நான் எடுத்து முடித்துப் பஞ்சும் வைத்துவிட்டிருந்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், ஷீலாவைக் காணோம்.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கேன்டீனிலிருந்து இட்லிப் பொட்டலங்களோடு வந்தாள். வெறும் வயிற்றோடு வந்த அப்பாவுக்கு ஒன்று, சரோஜாக்காவுக்கு ஒன்று. அக்கா பயத்தில் எழுந்து நின்றுவிட்டார். ஷீலா அவர் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைக் கையில் வைத்து, அவரிடமே சொன்னாள்: "திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடுவாரு ஆன்ட்டி, சட்டப் பையைத் தினமும் செக் பண்ணுங்க."

யானைச் செலவு

வருஷக் கடைசியில் பொதுக்குழுவில் பொருளாளர் வரவு செலவு வாசிப்பார். அப்போது ஹாலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவைத் திறப்பார்கள். யார் காதில் எது விழும் என்று உங்களுக்கே தெரியும். ராப்பகலாகக் கூட்டிக் கழித்து எழுதியதை ஒருவரும் கேட்கவில்லையே என்று ஒரு வருஷம் எனக்கு வீம்பு வந்துவிட்டது. நாற்காலி வாடகைக்கும் சாம்பிராணிக்கும் நடுவில், "பொருளாளர் வீட்டு உபயோகத்துக்காக யானை ஒன்று" என்று நிதானமாக வாசித்தேன். யாரோ முன்மொழிந்தார்கள். யாரோ வழிமொழிந்தார்கள். யானை ஏகமனதாக நிறைவேறியது.

சாப்பிடும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சூசையம்மாளிடம் போனேன். காய்கறி விற்றுப் பிழைப்பவர், ஒரு கூட்டத்தையும் தவறவிட மாட்டார். "நீங்களாவது கேட்டீங்களா, நான் இன்னா வாசிச்சேன்னு?" என்றேன். அவர் எலும்பைக் கீழே வைத்தார். "யானதானே? நல்லாவே கேட்டுச்சு. லில்லியே வாங்கியிருக்குதுன்னா ஏதோ அவசரம் போலன்னு வுட்டுட்டேன்."

நம்பாதவர்களுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம், இந்த மாதிரி நம்புகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் கடைசிப் பைசாவரை யோக்கியமாக இருந்து தொலைக்க வேண்டியிருக்கிறது.