கியரில் விட்ட கார்

எனக்கு எல்லோரும் வைத்த பேர் 'டாக்டர்'. நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் போதும், எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. கூடவே வளர்ந்த திமிருக்கும் அதே வயசு.

என் தங்கச்சி கரண்ட் கார் வாங்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் போனபிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள். வாங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலண்ணே."

"அதுக்காக? அதெல்லாம் ஒரு வண்டியா? பொம்மை! சத்தம் எங்க அதுல?"

"சத்தம் இல்லாததால பிள்ளைங்க நல்லாத் தூங்குதுங்க" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து பட்டறைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் எனக்கு இதே சண்டைதான். பக்கத்தில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர் மட்டும் அந்த வண்டிக்கு வக்காலத்து வாங்குவான். "ஆயில் இல்ல, பிளக் இல்ல. உன் வேலை போயிடும்னு உனக்கு வயித்தெரிச்சல்பா!" அது நிஜம். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

ஒருநாள் டயர் மாற்றச் சொல்லி வண்டியை என்னிடம் விட்டுப் போனாள். நான்தான் பட்டறைக்குள் ஓட்டி வந்து நிறுத்தினேன். சத்தமே இல்லை. அணைத்தாயிற்று என்று என் காது சொல்லிவிட்டது. பெட்ரோல் வண்டியை அணைத்தபின் உருளாமலிருக்க நாங்கள் கியரிலேயே விடுவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் கியரில் விட்டு இறங்கினேன். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததுதான் தாமதம், வண்டி பூனை மாதிரி நகர்ந்து போய், சுவரோரம் உட்கார்ந்திருந்த டிங்கரின் காலை நசுக்கியது.

பாய்ந்து ஏறிப் பின்னால் எடுக்கும்போதுதான் பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்துச் சின்னத் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வண்டியை நான் அணைக்கவே இல்லை! அணைக்காமல் கியரில் விட்டதால்தான் அது ஊர்ந்து போயிருக்கிறது. தெரிந்தும், கூட்டம் கூடியதும் வாய் கூசாமல் கத்தினேன்: "தானா ஓடுதுய்யா! நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

டாக்டரே சொன்னபிறகு மறுபேச்சு ஏது? ஒரு வாரத்தில் தாய்மார்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அந்த வண்டியில் அனுப்புவதை நிறுத்தினார்கள். தங்கச்சி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீங்க ஆஃப் பண்ணிட்டுத்தானே எறங்குனீங்க?"

"என்கிட்டயே கேக்கறியா?"

"இல்லண்ணே, சும்மா கேட்டேன்" என்று போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

டிங்கரைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டு போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தான். "நீ சொன்னது சரிதான்பா, நான்தான் கேக்கல" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வாங்கிப்போன பழத்தை அவன் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். தங்கச்சி வீட்டு வாசல்வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன். வெட்கம் கெட்ட பயல் நான், பயந்தாங்கொள்ளியும்கூட.

அப்புறம் ஒரு காலையில் அவளே வந்தாள். யாரோ விற்கும் பழைய பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு.

"உங்க காதை நம்பித்தாண்ணே வாங்கப்போறேன். கேட்டுச் சொல்லுங்க."

"வாங்காதம்மா. உன் வண்டி நல்ல வண்டி. நான்தான் அணைக்காம எறங்கிட்டேன். அன்னைக்கே தெரியும் எனக்கு. பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அதை நேத்தே வித்துட்டேன்ணே" என்றாள்.

பிறகு அவளே பானெட்டைத் திறந்து, பெஞ்சில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதையாவது சரியாப் பாருங்க."

ஊன்றிக் கேட்டேன். நல்ல இன்ஜின், ஒரு குறையும் இல்லை. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.