தண்ணீர் கேட்காத செடி

செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மண் என்பதே கண்ணில் படாது. வாசல், பக்கவாட்டுச் சந்து, பின்பக்கம் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் சிமெண்ட் பூசி மூடிவிட்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்க அவருடைய நெல்வயல். வயல்கள் மனைகளாகி விற்றுப்போன பிறகு, மிஞ்சியதில் வீடு கட்டி, மாடியில் அவர் குடும்பம் இருந்தது. கீழே இரண்டு போர்ஷன்கள் வாடகைக்கு. நாங்கள் குடிவந்த அன்றே அவர் மனைவி சொல்லிவிட்டார்.

"செடி கிடி எதுவும் நடாதம்மா. வேரு செவுத்தப் பொளந்துடும்."

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கிண்டியில் ஒரு தனியார் ஆபீசில் டைப்பிஸ்ட். என் கணவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். காலையில் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவோம். வந்து கதவைத் திறந்ததும் சிமெண்ட் தரையின் சூடு முகத்தில் அடிக்கும். அந்த வீட்டில் பச்சையாக ஏதாவது ஒன்று இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் தாம்பரத்தில் ரயிலை விட்டுக் கிழக்குப் பக்கம் இறங்கியபோது, தள்ளுவண்டியில் ரோஜாக் கன்றுகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு செடியைப் பார்த்தேன். கற்றாழைக் குட்டி மாதிரி கூரான தடித்த இலைகள். ஒவ்வொரு இலையின் முதுகிலும் குறுக்காக வெள்ளை வரிகள், யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் சுண்ணாம்பு தடவியதுபோல.

"இது என்ன செடிங்க?"

"கள்ளி ஜாதிம்மா. வூட்டுக்குள்ளயே வெச்சுக்கலாம். பேஜாரே கெடையாது."

பேஜார் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அதைக் கொன்றேன். முதலில் அடி இலைகள் கண்ணாடிபோல ஆகின. தொட்டால் குழைந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேசாகத் தூக்கிப் பார்த்தபோது செடி கையோடு வந்துவிட்டது, வேரே இல்லாமல். அழுகல் வாடை. அதே வண்டியில் இன்னொன்று வாங்கினேன். இந்த முறை பழைய அலுமினிய டிபன் டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, ஆற்று மணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் கலந்து அதில் நட்டேன். கிழக்கு ஜன்னலின் விளிம்பில் வைத்தேன். மண் காய்ந்து பொரிந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் மருந்து குடிக்கிற சின்ன டம்ளரில் பாதி. கோடையில் அது கிட்டத்தட்டத் தூங்கிவிடும் என்பதையும் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வெயில் ஏற ஏற இலைகளைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்கிக்கொண்டு கிடக்கும். அப்போது அந்த அரை டம்ளரும் அதிகம். நானாக அதற்கு வரிக்கள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். அவர் கணவருக்குப் பல்லாவரத்தில் வேலை. எங்கள் வீட்டின் இன்னொரு சாவி அக்காவிடம்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர் வந்தால் அவர்தான் திறந்து வாங்கி வைப்பார். மழை வந்தால் கொடித் துணிகளை எடுத்து மடித்து எங்கள் கட்டில்மேல் வைத்திருப்பார். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அடுத்த கதவிலிருந்து குரல் வரும்: "டீ போட்டுட்டேன், வந்து குடிச்சிட்டு அப்புறம் சமையலைப் பாரு."

எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துக்கிடந்தபோது அக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டார். உப்பில்லாத கஞ்சியும் மோரும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். என் தலையைப் பின்னிவிடுவார். தலைமாட்டு ஜன்னலில் செடி இருந்தது. ஒரு நாள் நான் எதுவும் கேட்காமலேயே, "பயப்படாத, உன் ஒட்டகத்துக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல" என்றார். சிரித்து எனக்கு விலா வலித்தது.

குணமான பிறகு பார்த்தால், தாய்ச்செடியின் பக்கத்தில் குட்டிகள் முளைத்திருந்தன. முதல் குட்டியை அக்காவுக்குத்தான் கொடுத்தேன். காது உடைந்த காபி கோப்பையில் நட்டு, எப்போது தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று சொன்னேன். அவர் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "இவ்ளோ காஞ்சதும்தானே?" என்று கேட்டுக்கொண்டார். அவர் ஜன்னலில் அது நன்றாகவே வளர்ந்தது. மற்ற குட்டிகளை நான் தகர டப்பாக்களில் வரிசையாக என் ஜன்னலில் வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரியின் நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் சேறு மின்னும். மோட்டார் காலையில் கொஞ்ச நேரம்தான் ஓடும். அதற்குள் ஆளுக்குச் சில குடங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் மனைவி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் துணி துவைத்தேன். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினேன். செடிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் காய்கறி வாங்க மார்க்கெட் போயிருந்தார். வீட்டுக்காரர் மனைவி கீழே வந்து கதவருகில் நின்றார். முகம் சரியில்லை.

"இன்னாம்மா, வேற வூடு பாத்தாச்சா?"

"எதுக்கும்மா?"

"எதுக்கா? ஊரே தண்ணிக்கு அல்லாடுது. நீ செடி வளக்கறேன்னு தெனம் பக்கெட்டு பக்கெட்டா ஊத்திகினு கீற. கெணறு எங்கேருந்து தாங்கும்?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடும் பிரச்சினை என்று நினைத்தேன். உள்ளே வரச்சொல்லி ஜன்னலைக் காட்டினேன். டிபன் டப்பாவும் தகர டப்பாக்களும். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மணல். தண்ணீர் ஊற்றும் மருந்து டம்ளரையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து ஒரு டப்பாவின் மணலைத் தொட்டுப் பார்த்தார். மாவு மாதிரி விரலில் ஒட்டியது.

"இதுக்கா?" என்றார்.

"இதுக்கு மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை போதும்மா. இப்ப அதுவும் இல்லை."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "பக்கத்துப் போர்ஷன் பொண்ணுதான் சொல்லிச்சு. கண்ணால பாத்தேன்னு சொல்லிச்சு. நான் இன்னாத்த கண்டேன்? இப்ப வாக்கு குட்த்துட்டாரு எங்க வூட்டுக்காரரு. அந்தப் பொண்ணோட தம்பி மாத்தலாயி தாம்பரத்துக்கு வரானாம். இந்த எடத்த அவனுக்குன்னு பேசியாச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உன் வூட்டுக்காரராண்ட சொல்லி ரெண்டு வாரமாச்சே! தண்ணி வீணாவுது, வேற எடம் பாத்துக்கப்பான்னாரு இவரு. சரிங்கன்னு தலையாட்டிகினு போனாரே. உன்கிட்ட சொல்லலியா?"

அவர் போன பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அக்கா சொன்னதை அந்தக் காலையில் முழுதாக நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றது. அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் கணவர் தினமும் ஷேவ் செய்துகொள்வார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் பார்த்துக் கேலி செய்வார். அந்த மனிதர் 'சரிங்க' என்று சொல்லியிருக்கிறார்.

பைகளோடு உள்ளே வந்தவரிடம் கேட்டேன். அவர் பையைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நான் பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தறேன்னு வீட்டுக்காரர் சொன்னப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுல என்ன பேசறது? தண்ணிப் பஞ்சம். எப்படியும் வேற வீடு பாக்கலாம்னு எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"அது பொய்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்காக வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட முடியுமா?"

"சண்டை வேண்டாம். இல்லைங்கன்னு ஒரு வார்த்தை."

அவர் பையிலிருந்து கத்திரிக்காய்களை எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு வாரமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், பட்டறைக் கதைகளெல்லாம் சொல்லியிருக்கிறார். அக்கா வழக்கம்போல எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். மாடியில் இருந்தவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள், ஒரே தலையணையில் படுத்தவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான் மட்டும்தான்.

அக்காவின் கதவைத் தட்டினேன். திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் ஜன்னலில் காபி கோப்பை தெரிந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஏதோ பேச்சுவாக்குல வந்துடுச்சு..."

"அதுக்கு எவ்ளோ தண்ணி வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கண்கள் கலங்கின. அது நடிப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. "தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா. எங்கம்மாவும் இல்ல. நான் பக்கத்துல இருந்தாதான் ஆகும். வேற எந்தக் காரணம் சொன்னாலும் அவங்க உங்களைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. உன்னைப் பத்திக் குறை சொல்ல வேற எதுவும் கிடைக்கல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அக்கா அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா" என்றார். கொடுத்திருப்பேனா மாட்டேனா என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது சாவியை மட்டும் கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றினார்கள். டப்பாக்களை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வாளிக்குள் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். புது வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. என் கணவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், தான் செய்தது சரியாகத்தான் முடிந்தது என்பதுபோல. இன்னொரு சாவியை நான் அந்தத் தெருவில் யாரிடமும் கொடுக்கவில்லை. சிலிண்டர்காரர் இரண்டு தடவை திரும்பிப் போனார்; போகட்டும் என்று விட்டேன். என் கணவரோடு நான் சண்டை போடவில்லை. ஆனால் வெளியே யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால், இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்ற கேள்வி அதன் பிறகு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை அவரே, "இன்னும் அதையே நினைச்சிட்டிருக்கியா?" என்றார். இல்லை என்று சொன்னேன்.

சில வருடங்களுக்குப் பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் தம்பியின் பெண் குழந்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், நேற்றுதான் பார்த்துப் பிரிந்ததுபோல.

"எப்டிடீ இருக்க? இளைச்சிட்டியே! உன் ஒட்டகம் பூத்திருக்கு தெரியுமா? நீளமா ஒரு தண்டு, நுனியில குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ. உனக்கு யார்கிட்ட சொல்லி அனுப்பறதுன்னு தெரியல."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை. பூ வாடியதும் தண்டை அடியில் வெட்டிவிடச் சொன்னேன். குழந்தையின் பெயர் கேட்டேன். கன்னத்தைத் தொட்டேன். அக்கா பேசிக்கொண்டே போனார். அந்தக் குரல் எனக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்தது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் பட்டறையிலிருந்து வந்து, நான் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைப் பார்த்துவிட்டு, "மார்க்கெட்ல யாரையாவது பாத்தியா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"யாரையும் பாக்கல" என்றேன். கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு விளக்கைப் போட எழுந்தேன்.