அக்கினி மூலையில் ஒரு ஹீட்டர்

பினாங்கில் வீட்டு நீச்சல் குளத்தைச் சூடாக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. வருடம் முழுக்க வேர்த்துக் கொட்டும் ஊர் இது. என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "அப்படியே ரெண்டு முட்டையும் போட்டு வேக வைலா" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வாரம் எனக்குள் இருந்த பரபரப்பு, முதல் முதலாகக் காடி வாங்கி ஓட்டிவந்தபோதுகூட இருந்ததில்லை.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், கொடிமலை அடிவாரத்தில் இருக்கிறது. நாலு மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு மழை. முன்பு இந்த வீட்டில் இருந்த சீன டாக்டர் கட்டிய சின்னக் குளம் நிழலிலேயே கிடந்து சில்லென்று ஆகிவிடும். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது. நீந்தியவள் என் மனைவி. ஐம்பது வயதுக்குமேல், முழுக்கை நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, சொந்தக்காரப் பெண்களின் கிண்டலையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இந்தக் குளத்தில்தான் அவள் நீச்சல் கற்றாள். தினமும் காலை ஆறரைக்கு இறங்கினால் ஏழரைக்குத்தான் ஏறுவாள்.

பிறகு மூட்டுவாதம் வந்தது. விரல்கள், முழங்கால், தோள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிற வலி. எட்டு மாதம் அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. ஒருநாள் காலையில் சூடான கொப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத மண்ணு போட்டு மூடிருவோங்க. பாக்குறப்பலாம் வயிறு எரியுது" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. மணல் லோரிக்காரரிடம் பேசி, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பெண்ணிடம் ஓடினேன். தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி இருந்தால் இறங்கலாம், மூட்டுவலிக்கும் அது நல்லது என்றார் அவர். முப்பத்து மூன்று! எங்கள் குளம் இருபத்தேழு. வெறும் ஆறு டிகிரிதானே என்று துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள நான் எறங்குற மாதிரி இருந்தா சரி. இல்லாட்டி மண்ணுதான்."

மறுநாளே பாயான் பாருவிலிருந்து குள வேலை பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். நாற்பது வயது இருக்கும், அளந்து பேசும் மனிதர். கூரையில் சூரியத் தகடு போடலாமா என்று கேட்டேன். ஏணியில் ஏறினார், மலையைப் பார்த்தார், இறங்கிவிட்டார். கேஸ் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்குமாம், ஆனால் அதற்குத் தோம்பு தோம்பாகக் கேஸ் வேண்டும். சமையலுக்கு ஒரு கேஸ் தோம்பைத் தூக்கி வைக்கவே நான் முக்கி முனகுவதை மனைவி ஞாபகப்படுத்தினாள். மின்சாரக் கம்பி ஹீட்டர் என்றதும், கரண்ட் பில்லை நினைத்து நானே வேண்டாம் என்றேன்.

"அப்ப ஹீட் பம்ப் தாண்ணே" என்றார் அவர். "நம்ம ஊரு காத்துலயே சூடு கெடக்கு. அத எடுத்து தண்ணியில போடுறதுதான் இதோட வேலை. ஏர்கோன் மாதிரியேதான்லா, திருப்பிப் போட்ட மாதிரி."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு குடும்பம் நடத்தியவன். எத்தனை வருடம் இந்த ஊர் வெக்கையைத் திட்டியிருப்பேன்! அதையே பிடித்து அவளுடைய முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். குளத்தின் மேல் விரிக்கக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பும் சேர்த்து உடனே சரி என்றேன்.

இந்த இடத்தில்தான் மச்சான் வந்தார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மனைவியின் அண்ணன். சொந்தத்தில் யார் வீட்டில் ஆணி அடித்தாலும் கைப்பேசியில் திசை பார்த்துச் சொல்கிறவர். கடல் பாலம் தாண்டி வந்து, ஒரு கொப்பி குடித்துவிட்டு, பின்கட்டு மூலையைக் காட்டினார்.

"சூடு சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் அக்கினி மூலை, மாப்ள. தென்கிழக்கு. அடுப்பு அங்கதான இருக்கு? இதும் அங்கதான்."

அந்த மூலை சமையலறைச் சுவருக்கும் வேலிச் சுவருக்கும் நடுவில் இருந்தது. மேலே தகரக் கூரை, ஒரு பக்கம் சாமான் அறை. குள வேலைக்காரர் தலையைச் சொறிந்தார். "அடைப்பா இருக்குண்ணே. தொறந்த எடமா இருந்தா நல்லது" என்றார். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் மனைவியின் உடம்பு சம்பந்தப்பட்ட காரியம், மூலை தப்பாகிவிட்டால்? அதோடு என் அவசரம். "அங்கேயே வைங்க தம்பி" என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நான் நாற்காலியைக் குளத்தோரம் போட்டுக்கொண்டு வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டேன். இரவு இருபத்தேழு. செவ்வாய் காலை இருபத்தேழரை. புதன் காலை இருபத்தெட்டு. வெப்பமானிதான் கெட்டுப்போச்சு என்று கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் அதையேதான் காட்டியது.

புதன் மத்தியானம் அவள் ஈரக் கைலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். மழைநாளில் துணி காயவில்லையே, ஹீட்டர் பக்கம் போட்டால் காய்ந்துவிடும் என்று காலையிலேயே அங்கே கொடி கட்டிப் போட்டிருக்கிறாள். வந்தவள் அந்தக் கைலியை அப்படியே என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். ஐஸ்!

"உங்க அடுப்பு லட்சணத்த பாருங்க. அந்த மூலை பிரிட்ஜு மாதிரி இருக்கு. செவுத்துல தண்ணி வடியுது. கைய நீட்டுனேன், வெரலெல்லாம் வலிக்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஏர்கோனைத் திருப்பிப் போட்ட மாதிரி என்று அவர் சொன்னாரே! காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு குளிரைத்தானே வெளியே தள்ளும்? மூன்று பக்கமும் அடைத்த மூலையில், தான் விட்ட குளிர் காற்றையே அது திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருட அனுபவத்தைத் தூக்கிக் குளத்தில் போட வேண்டும் போலிருந்தது. என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

மனைவி அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, இது நெருப்பு இல்ல. காத்த இழுத்து காத்த விடுற சாமான். காத்துக்கு எந்த மூலை?"

அந்தப் பக்கம் மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாயு மூலை. வடமேற்கு. அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுலா" என்றார்.

வடமேற்கு என்பது எங்கள் வாசல் கேட்டின் பக்கம். சந்துப் பக்கம் பார்த்த, வெட்டவெளியான இடம். குள வேலைக்காரர் அங்கே போய் நின்றதும் முதல் தடவையாகச் சிரித்தார். வியாழன் மத்தியானத்துக்குள் குழாயை நீட்டி இயந்திரத்தை மாற்றிவிட்டார். சாயங்காலம் இருபத்தொன்பது. வெள்ளி காலை முப்பது தாண்டியது. நான் ஒரு மணிக்கொரு தரம் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று! முப்பத்திரண்டு! ஒவ்வொரு டிகிரிக்கும் முட்டை நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கடைசியில் அவரே, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது முப்பத்து மூன்று. விரிப்பைச் சுருட்டினேன், தண்ணீரிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. மனைவி அந்த முழுக்கை உடையில் வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தாள். பாதத்தை விட்டாள். முழங்கால் வரை இறங்கினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் நின்றேன். கையைத் தண்ணீருக்குள் வைத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரும்ப மடக்கினாள். பிறகு படியைக் காலால் உந்திக்கொண்டு போய்விட்டாள். பழைய வேகம் இல்லைதான். ஆனால் அந்தக் கோடி வரை போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமே படாமல் கைதட்டினேன்.

அப்போதுதான் நாற்காலியில் கிடந்த அவள் போன் அடித்தது. மணல் லோரிக்காரர். நாங்கள் இருவருமே அவரை மறந்துவிட்டிருந்தோம். சந்து முனைக்கு லோரி வந்துவிட்டதாம், கேட்டைத் திறக்கச் சொன்னார். நான் போனைப் பொத்திக்கொண்டு, "என்னா சொல்ல?" என்று குளத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவள் மல்லாந்து மிதந்துகொண்டே சொன்னாள்:

"உள்ள ஆளு இருக்குன்னு சொல்லுங்க."