எக்கோ வைத்தது நான்தான்

அன்று மேடையைச் சுற்றி இருந்தவர்கள்: பேச வந்த மாவட்டத் தலைவர், அவருக்குச் சால்வை போட்ட வட்டச் செயலாளர், மைக் செட் போட்ட அப்பா, அப்பாவிடம் வேலை பார்த்த ஒரு அண்ணன், ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நான். எதிரே நாற்பது ஐம்பது பேர். அவர்களில் முக்கால்வாசி முகம் எனக்கே தெரிந்ததுதான். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டதால், யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் ஒருமுறை எண்ணிக்கொள்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் சாயங்காலக் கூட்டம். அவர்கள் கட்சியின் பெரிய தலைவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று மத்தியானமே கடைகளெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. அம்மா வேலைக்குப் போயிருந்ததால், பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அப்பா கூடவே வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது.

மைக் செட்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பேசுகிறவர் கைதட்டலுக்காக நிறுத்தும் இடத்தில் எக்கோ குமிழைச் சற்றே திருகவேண்டும். கடைசிச் சொல் உருண்டுகொண்டே சேலையூர் வரைக்கும் போகும். முந்தினால் பேச்சு குழம்பும், பிந்தினால் கைதட்டலில் அமுங்கிவிடும். அப்பா அதில் கெட்டிக்காரர். அன்றைக்கென்று ஜெனரேட்டர் மக்கர் செய்தது. "பாப்பா, அவரு நிறுத்துற எடத்துல கொஞ்சூண்டு திருப்பு, போதும்" என்று சொல்லிவிட்டு, அண்ணனோடு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார்.

மாவட்டத் தலைவர், தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "எங்கள் தலைவரைத் தொட்டுவிட்டு இந்த ரோட்டில் பஸ் ஓட்டுவார்களாம். ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் என்ன நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பில்லை" என்றார். நிறுத்தினார். நான் திருகினேன். பொறுப்பில்லை, பொறுப்பில்லை, ப்பில்லை என்று அது குழாய் ஸ்பீக்கர்களில் போய்க்கொண்டே இருந்தது. அதுவரை சும்மா நின்றிருந்த கூட்டம் அப்போதுதான் கத்தியது. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் காரில் ஏறிப்போய்க் கால்மணி நேரம் இருக்காது. வேளச்சேரியிலிருந்து ஒரு பஸ் வந்தது. முதல் கல் எந்தப் பக்கமிருந்து போனதென்று நான் பார்க்கவில்லை, கண்ணாடி கொட்டியதைத்தான் பார்த்தேன். கண்டக்டரை டீக்கடை வாசலில் உட்காரவைத்தார்கள். நெற்றியில் அழுத்திய துண்டு நிறம் மாறிக்கொண்டே வந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "லேடீஸ் எல்லாம் எறங்கிட்டாங்களா, கொஞ்சம் பாருங்க" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தபோது ஓடாமல் நின்றது நாங்கள் மூன்று பேர்தான். ஒயரைச் சுருட்டாமல் எப்படி ஓடுவது? அண்ணனை அதட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மைக், ஆம்ப்ளிஃபயர், குழாய்கள் எல்லாம் ஜீப்பில் ஏறின, அப்பாவும் ஏறினார். என்னை விட்டுவர இடமில்லாததால் நானும்.

சப்-இன்ஸ்பெக்டர், "கல்லு உட்டது யாரு யாரு, பேரைச் சொல்லு" என்றார்.

"ஒயரைப் பாத்துகினு இருந்தேன் சார், மூஞ்சியைப் பாக்கல."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கூட்டத்தைக் கத்தவைத்த என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்காக அப்பாவை உள்ளே வைத்துவிட்டால் என்ன செய்வது? "சார், எக்கோ வச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். "சார், அக்யூஸ்ட் சரண்டர்."

"எழுதிக்கய்யா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இன்னைக்கு ஒத்துக்கினது இந்தப் பாப்பா மட்டும்தான்."

அப்பா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டிவியில் மாவட்டத் தலைவர், தம் தொண்டர்கள் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை, கூட்டத்தில் சமூக விரோதி யாரோ புகுந்துவிட்டார் என்றார். அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பல நாள் ஃபேன் ரெகுலேட்டர் குமிழைக்கூடத் தொடாமல் வேர்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்பாவை விட்டுவிட்டார்கள், மைக் செட்டை விடவில்லை. வழக்கு முடியும்வரை அது ஸ்டேஷனில்தான் இருக்கவேண்டுமாம். பேசியவர்மேல் வழக்கே இல்லை. கடன் வாங்கி வாங்கிய செட் அது. கல்யாண சீசன் முழுவதும் அப்பா இன்னொருவரிடம் கூலிக்கு ஒயர் இழுத்தார்.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு வட்டச் செயலாளர் வீட்டுக்கு மைக் செட் வாடகை கேட்கப் போனார். அவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். "துட்டு ஒரு மேட்டரா அண்ணா? ஆனா வாடகைனு குடுத்தா, கூட்டம் எங்களுதுனு ஆயிடும்ல. கேஸ் முடியட்டும்" என்றார்.

அப்பா டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு தலையாட்டினார். செயலாளர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எக்கோ வைத்தது நான் என்று இவருக்கும் தெரிந்திருக்குமோ என்ற பயத்தில் அப்பா முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.

கேஸ் இன்னும் முடியவில்லை. முன்பணம் ஐந்நூறு போக, நாலாயிரம் ரூபாய் வரவேண்டும்.