பச்சை உடம்புக்காரிக்கு நாற்பது நாள்

முந்தாநாள் சந்தையில் பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஞானம்மா போய்ட்டாங்கப்பா." எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆம்பூர் முனிசிபல் மருத்துவச்சி ஞானம்மாளாவது, போவதாவது! ஊரிலுள்ள பெண்களையெல்லாம் படுக்கச் சொல்லி அதட்டியவர். தாம் படுத்து யார் பார்த்தது? உங்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் தோல் பதனிடும் கிடங்கில் அப்போது ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். புருஷன் தோல் சீவினால் பெண்சாதி அலசுவாள். அவள் வராவிட்டால் அவனுக்கும் வேலை இல்லை. அதனால் பிள்ளை பெற்ற வலி ஆறுமுன்னே பெண்கள் தோல் அலசும் தொட்டிக்கு ஓடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அப்படி ஓடித்தான் ஜன்னி கண்டு செத்தாள்.

என் மனைவி சின்னம்மாள் பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு ஜோடி வரலைன்னா வேற ஜோடி வெச்சுக்குவோம்." சின்னம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஞானம்மாள் போட்டாரே ஒரு சத்தம்! "படுடி! எங்க கெளம்பிட்டே? யோவ் மேஸ்திரி, இவ செத்தா புள்ளைக்கு நீ வந்து பால் குடுப்பியா?"

அந்தக் கையோடு என்னை இழுத்துக்கொண்டு முதலாளி சாயபு வீட்டுக்குப் போனார். நான் முன்வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், அவர் பின்கட்டுக்கு நடக்கிறார்! சாயபுவைப் பார்க்கவே இல்லை; அவர் மனைவி பெரிய பீபியிடம் போனார். அந்த வீட்டு மருமகளுக்கும் ஞானம்மாள்தான் பிரசவம் பார்த்திருந்தார். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் எந்த வேலையும் தொடவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பின்னாலேயே போய்த் திரைக்கு வெளியே நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது.

"பீபிம்மா, உங்க மருமவள தரையில கால் வெக்க உடாம பாத்துக்கறீங்க. நல்லா இருங்க. உங்க தொட்டியில நாளைக்கு ஒரு பச்சை உடம்புக்காரி எறங்கப்போறா. அவளுக்கு மட்டும் இன்னா, இரும்பு உடம்பா?"

மறுநாள் மேஸ்திரி உர்ரென்று வந்தார். "நாப்பது நாள் உன் பொண்டாட்டி வரவேணாம். நீ மட்டும் வா. பெரிய பீபி உத்தரவு." கிடங்கில் எல்லா ஜோடிக்கும் பிறகு அதுவே வழக்கமாயிற்று.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு லீவு தரும் சட்டம் வரப்போகிறது என்று தொழிலாளர் சங்கத்தில் நாங்கள் மார்தட்டியபோது ஞானம்மாள் சிரித்தார். "வரட்டும், ரொம்ப சந்தோஷம். அப்பன் வேலையும் போவாதுன்னு அதுல எழுதச் சொல்லு. அடுப்பு எரியாத வூட்ல எவ நிம்மதியா படுப்பா?" அந்த ஒரு வரிக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

அவர் ஞாபகமாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு படம்கூட இல்லை. நேற்று கல்லறையில் என் பக்கத்தில் நின்று, அழுதுகொண்டே மண் அள்ளிப் போட்டாளே சின்னம்மாள், அவள் இருக்கிறாள்.