மோட்டார் ரம்பத்துக்கு மாட்டிய குழாய்

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் கணவர் மௌத்தானார். விஷக் காய்ச்சல். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது எங்களில் வழக்கம். இத்தா என்போம். அந்தக் கணக்கில் கொழுந்தனும் அந்நிய ஆண்தான். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், முற்றத்துக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் கொழுந்தனும் அவர் மனைவியும் குடியிருந்தோம். எங்கள் கூடத்து வாசலில் ஒரு பச்சைப் போர்வையைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கொழுந்தன் எனக்கு வெறும் குரல்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள், அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்ப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பொங்கவில்லை. "கல்லாட்டம் குந்திக்கினு கீறாளே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவள் ஆக்கிக்கொண்டு வந்த சோற்றில் உப்பே இல்லை. அதை நான் யாரிடமாவது சொன்னேனா? சாப்பிட்டேன், தூங்கினேன், தொழுதேன். உடம்பு எனக்குச் சம்பந்தமில்லாத யாரோ போல அதன் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் பிழைப்பு ஒரு மோட்டார் ரம்பம். மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்களோடு ஏலத்தில் எடுத்தது. ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், நடுவில் பல் வைத்த சங்கிலி ஓடும் நீளமான பட்டை, மறு முனையில் ஒரு கைப்பிடி. எஞ்சின் பக்கம் என் கணவர் நிற்பார், கைப்பிடிப் பக்கம் தம்பி. அடையாற்று பங்களாக்களில் மரம் சாய்ந்தாலும், தியாகராய நகரில் வீடு கட்ட மனையைச் சுத்தம் செய்தாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ரம்பம் ஓடினால் என் கணவரின் பங்கு எனக்கு வரும், நான் என் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஓடாவிட்டால் இத்தா முடிந்ததும் வாணியம்பாடியில் என் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் பெண்டாட்டி முகம் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். அவள் முகம் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வந்து நின்றார்.

"அண்ணி, ரம்பம் ஓட மாட்டேங்குது. பெட்ரோல் குழா வெடிச்சிப்போச்சி. சைக்கிள் டியூப்ப வெட்டி மாட்டிப் பாத்தேன். கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுடுது. பழைய இரும்புக்காரர் நாளைக்கு வரேன்னாரு. எடைக்குப் போட்டுடலாம்."

"சைக்கிள் டியூப்புல காத்துதான் அடிப்பாங்க தம்பி. அதுல யாராவது பெட்ரோல உடுவாங்களா?"

அடுப்படியில் புழங்குகிறவளுக்குத் தெரியாததா? மண்ணெண்ணெயில் விழுந்த ரப்பர் துண்டு மறுநாள் ஊதிக் கொழகொழவென்று கிடக்கும். பெட்ரோல் அதற்கும் மேலே. டியூப் உள்ளுக்குள்ளேயே ஊதி வழியை அடைத்திருக்கும், எஞ்சின் தாகத்தில் நின்றிருக்கும்.

"உள்ள கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

"நீங்க இன்னா பண்ணப் போறீங்க அண்ணி?"

"சமைக்கப் போறேன்."

நான் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொழுந்தனும் பக்கத்து விறகுத் தொட்டியில் விறகு பிளக்கும் ஆளும் ரம்பத்தைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். வெளியே வந்து பார்த்தேன். சங்கிலிப் பல்லில் தூங்குமூஞ்சி மரத்துத் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. அவர் கடைசியாக அறுத்த மரம். பார்த்தேன், அவ்வளவுதான். மனசில் ஒன்றும் அசையவில்லை.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு சுருள் குழாய் இருப்பது எனக்குத் தெரியும். துணி பின்னிய மிலிட்டரி ரப்பர், பெட்ரோலுக்கு மசியாது என்று வாங்கி வைத்திருந்தார். பெட்டியை அதுவரை யாரும் திறக்கவில்லை. மேலே அவர் சட்டைகள். யார் வீட்டுத் துணியையோ எடுத்து வைப்பது போல அவற்றை ஓரமாக எடுத்து வைத்தேன். அடியில் குழாய் இருந்தது.

ஒரு செம்பு தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அப்புறம் அடுப்பை நன்றாக அணைத்துவிட்டுத்தான் ரம்பத்தின் அருகில் உட்கார்ந்தேன். டாங்கியில் இருந்த பெட்ரோலை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வடித்தேன். சைக்கிள் டியூப் வேகவைத்த குடல் மாதிரி கையோடு வந்தது. வெடித்த பழைய குழாயை அளவுக்கு வைத்து, அதைவிட ஒரு விரல் கூடுதலாகப் புதுசை வெட்டினேன். எஞ்சின் ஓடும்போது உதறும், இழுத்துப் பிடித்தது போல மாட்டினால் கழன்றுவிடும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் முற்றத்தில் வேலை செய்வார், நான் திருப்புளியும் குறடும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, "இன்னும் முடியலையா?" என்று தொணதொணத்துக்கொண்டிருப்பேன். தொணதொணக்கிறவளுக்கும் கண் உண்டு.

குழாயின் முனை ஏற மறுத்தது. வெந்நீரில் முக்கித் துடைத்தேன், இளகிக் கொடுத்தது. டாங்கிப் பக்கம் ஒரு முனை, கார்புரேட்டர் பக்கம் ஒரு முனை. இரண்டிலும் செப்புக் கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினேன். கட்டை விரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொழுதேன்.

மறுபடி நான் கதவுக்குப் பின்னால் போக, அவர்கள் ரம்பத்தை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். தொட்டி ஆளைக் கொழுந்தன் அனுப்பிவிட்டார். நான் திரையருகில் வந்து நின்றேன். அவர் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ரம்பம் இருமியது. இன்னொரு இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. முருங்கை மரத்துக் காக்கைகள் எல்லாம் கத்திக்கொண்டு பறந்தன. நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. சந்தே அதிர ஓடியது. கடைசியில் அவரேதான் அணைத்தார்.

"ஓடிச்சில்ல தம்பி?"

"ஓடிச்சி அண்ணி."

குரல் கம்மியிருந்தது. அவர் அழுகிறார் என்று புரிந்தது.

"ஓடலன்னா வித்துடலாம்னு இருந்தேன் அண்ணி. அண்ணன் நின்ன எடத்துல இன்னொருத்தன நிக்க வெச்சி, நான் எப்டி இந்தப் பக்கம் புடிப்பேன்?"

சைக்கிள் டியூப் பெட்ரோலுக்கு ஆகாது என்பது, வருஷக்கணக்காக அந்த ரம்பத்தோடு திரிந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நின்று அழுவதற்கு உனக்கு ஒரு வீடு இருக்கிறது, உன் அழுகைக்காக நான் வாணியம்பாடிக்குப் போக வேண்டுமா என்று கேட்க வாய் துடித்தது. வந்தது வேறு.

"இத்தா முடியட்டும். எஞ்சின் பக்கம் நான் புடிக்கிறேன்."

அழுகைக்கு நடுவிலேயே அவர் சிரித்துவிட்டார். "நீங்க செய்வீங்க அண்ணி, செய்வீங்க. இரும்புக்காரர வரவேணாம்னு சொல்லிடறேன். தொட்டியில ஒரு ஆளப் பாக்கறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணனும் தம்பியும் பார்க்க ஒரே ஜாடை இல்லை. அதனால் நான் அதுவரை கவனித்ததில்லை. முகம் தெரியாமல் கேட்டபோது அது என் கணவரின் சிரிப்பு. முதலில் மூக்கில் ஒரு சத்தம், பிறகு மூச்சுக்குத் திணறுவது போல ஓர் இழுப்பு. என் கை தானாகப் போர்வையைப் பிடித்துவிட்டது. விலக்கிப் பார்த்தால் அங்கே நிற்பது அவரில்லை என்று எனக்குத் தெரியும். விலக்காமல், அதைப் பிடித்துக்கொண்டே, அன்றைக்குத்தான் நான் அழுதேன்.